காலித் தோட்டா கொண்டாந்தீங்களா?

இந்த முறை ஊருக்குப் போகும்போது கையில் வைத்திருந்த பட்டியலில் பேங்க் கேஒய்சி, பல் டாக்டர், பத்திரப்பதிவு நகல் மூன்றும் இருந்தன. மாமாவின் துப்பாக்கி இல்லை. ஆனால் இருந்த நாட்களில் பாதியை அதுதான் தின்றது.

மாமாவுக்கு ஆனைமலை அடிவாரத்தில் தென்னந்தோப்பு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசன்ஸ் எடுத்த 12 போர் டபுள் பேரல் (இரட்டைக் குழல்) துப்பாக்கி ஒன்று வீட்டில் உண்டு. தாத்தா காலத்தில் ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் மேனேஜர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. காட்டுப்பன்றியை நாமாகச் சுட வனவிலங்குச் சட்டம் விடாது; சத்தம் போட்டு விரட்டத்தான் அது.

"சுட்டுட்டுத் திறந்தா, வலது பக்கத்துக் காலித் தோட்டாக் கூடு பறந்து போய் விழுகுது மாப்ளே. இடது பக்கம் தலையைக்கூடத் தூக்க மாட்டேங்குது. திருப்புளி வெச்சு நெம்பறேன்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஹூஸ்டனில் வார இறுதிகளில், பறக்கவிடும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடுகிறவன் என்ற தெம்பு. போதாக்குறைக்கு, போன குளிர்காலத்தில்தான் என்னுடைய செமி ஆட்டோமேட்டிக்கிலும் (சுட்ட கூட்டைத் தானே வெளியே தள்ளும் வகை) இதே மாதிரி ஒரு தொல்லை. பழைய ரெமிங்டன் 1100. சுட்ட கூடு வெளியே விழாமல் வாயிலேயே குறுக்காக மாட்டிக்கொண்டு நின்றது. அந்த வகைத் துப்பாக்கியில் பேரலின் அடியில் இருக்கும் சின்னத் துளை வழியாக வெடிவாயுவில் கொஞ்சம் இறங்கி பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன், பேரலின் பின்வாயை மூடியிருக்கும் போல்ட்டைப் பின்னால் தள்ளும். போல்ட்டில் உள்ள கொக்கி கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்து வரும். வழியில் எஜக்டர் தட்டிவிட, கூடு வலது பக்கமாகப் பறக்கும். எனக்குக் கொக்கி மேல்தான் சந்தேகம். புதுசு வாங்கிப் போட்டேன், பயனில்லை. பிறகு கொஞ்சம் கனமான தோட்டாவைப் போட்டுப் பார்த்தேன், ஒழுங்காக ஓடியது. கொக்கி சரி, வாயுதான் போதவில்லை என்று அப்போது புரிந்தது. துளைகளில் கரி அடைத்திருந்தது, வாயுவை அடைக்கும் ரப்பர் வளையமும் கிழிந்திருந்தது. வளையம் இரண்டே டாலர். மூன்று வாரமாகக் கொக்கியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாமாவின் துப்பாக்கியில் வாயுவும் கிடையாது, பிஸ்டனும் கிடையாது. கையால் மடக்கித் திறந்தால், சுட்ட பக்கத்து எஜக்டரை ஸ்பிரிங் உதைக்கும். சுடாத தோட்டா லேசாக எழும்பி நிற்கும், அவ்வளவுதான். ஆகவே ஸ்பிரிங் சோம்பல் என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். காரணமும் கையில் இருந்தது: மாமா தேங்காய் எண்ணெய் போடுகிறார். மார்கழிக் காலையில் அடிவாரத்தில் தேங்காய் எண்ணெய் கட்டிப் போகும் என்பது தலையில் தேய்த்துக்கொண்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். மாமா மண்மேட்டைப் பார்த்து ஒன்று சுட்டார். கூடு அசையவில்லை. "அமெரிக்கால இதத்தான் படிச்சியா?" என்றார் அத்தை.

கோவையில் ரிப்பேர் பார்க்கும் கடை ஒன்று உண்டு என்றார்கள். எனக்கோ பயம். டெக்சாஸில் ஷாட்கன் வைத்திருக்க லைசன்ஸே வேண்டாம். இங்கே வழியில் செக்போஸ்டில் நிறுத்தினால்? விசாரித்ததில், ஆயுதச் சட்டம் 1959 மூன்றாம் பிரிவிலேயே வழி இருக்கிறது: லைசன்ஸ்காரர் கூட இருந்தாலோ, எழுதிக் கொடுத்தாலோ, ரிப்பேருக்கும் லைசன்ஸ் புதுப்பிக்கவும் வேறொருவர் எடுத்துப் போகலாம். இருந்தாலும் முழங்கால் வலியோடு மாமாவையே காரில் ஏற்றிக்கொண்டேன். துப்பாக்கி இரண்டாகக் கழற்றி கான்வாஸ் பையில், லைசன்ஸ் புத்தகம் அவர் மடியில். யாரும் நிறுத்தவில்லை.

கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். லைசன்ஸைப் பார்த்து நோட்டில் ஏற்றினார். பையைத் திறக்கவில்லை.

"காலித் தோட்டா கொண்டாந்தீங்களா?"

இல்லை. வீட்டைச் சுத்தம் செய்கிற உற்சாகத்தில் நானே குப்பையில் போட்டிருந்தேன். அவர் பையை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். "கூட்டைப் பார்க்காம நான் எதை சொல்றதுங்க? ரெண்டு பக்கத்துதும் வேணும், எது எந்தப் பக்கம்னு எழுதி." பொள்ளாச்சிக்கு நாற்பது கிலோமீட்டர், அதற்கு மேலும் கொஞ்சம். மாமா வழி முழுக்கப் பேசவில்லை.

மறுநாள் இடது, வலது என்று எழுதிய ஆறு கூடுகளோடு போனோம். இடது பக்கத்துக் கூடுகளில் பித்தளை அடிப்பாகத்தை நகத்தால் வருடிப் பார்த்தார். எனக்கும் காட்டினார்: சொரசொரப்பாகச் சின்னச் சின்னப் புள்ளி, மூன்றிலும் ஒரே இடத்தில். பேரலில் தோட்டா உட்காரும் அறையில் துரு குழி பறித்திருக்கிறது. சுடும்போது பித்தளை விரிந்து அந்தக் குழிகளில் அமுங்கிக்கொள்கிறது. ஸ்பிரிங் எத்தனை உதைத்தாலும் வராது.

துரு எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. 2024 மக்களவைத் தேர்தலுக்குத் துப்பாக்கியை ஸ்டேஷனில் டெபாசிட் செய்யச் சொன்னார்கள். மார்ச் 16 அன்று நடத்தை விதி வந்தது, ஜூன் 6 அன்றுதான் போனது. எந்தத் துணியில் சுற்றிக் கொடுத்தாரோ அதே துணியில் திரும்பி வந்ததாம். ரைட்டர் நல்ல மனிதர்தான், ரசீது ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார். பேரலுக்குள் எண்ணெய் விடுவது அவர் வேலை இல்லை. மாமாவும் வந்த பிறகு வெளியேதான் துடைத்திருக்கிறார். டெபாசிட் செய்கிறவர்கள் கொடுக்கும் முன் உள்ளே எண்ணெய் ஓட்டிவிட்டுக் கொடுங்கள்.

பிளந்த மரக் குச்சியில் துணி சுற்றி, பாலிஷ் பசை தடவி, கையாலேயே ஒரு மணி நேரம் திருகினார். டிரில் போடலாமே என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குழி போகாதுங்க தம்பி. மேடு போனாப் போதும்."

இதோடு முடிந்திருந்தால் நல்ல சர்வீஸ் என்று எழுதிவிட்டு அடுத்து பல் டாக்டருக்குப் போயிருப்பேன். ஆனால் அவர் கூடுகளின் வாயைத் திருப்பினார். ஆறிலும் ஓரம் பிய்ந்து நார்நாராக இருந்தது. பேரலைக் கவிழ்த்து, அடியில் இருந்த பர்மிங்காம் முத்திரைகளுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்: 2½. அறையின் நீளம் அவ்வளவுதான். அதாவது 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான துப்பாக்கி. மாமா வாங்கும் டப்பாவில் 70 என்று அச்சடித்திருக்கிறது. அந்த 70 என்பது சுட்டு வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். மடித்த வாயோடு புதுத் தோட்டா கட்டையாக இருப்பதால் இதிலும் அலுங்காமல் உள்ளே போய்விடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் பேரல் குறுகும் இடத்தில் போய் முட்டும், அழுத்தம் ஏறும்.

"முப்பது வருஷமா இதத்தான் போடறேன்" என்றார் மாமா.

"உங்க முருகன் காப்பாத்தியிருக்கான்" என்றார் கடைக்காரர். அறையைக் கடைந்து நீட்டித் தர முடியுமா என்று மாமா கேட்டதற்கு ஒரே வார்த்தையில் மறுத்தார். அங்கே சுவர் மெலிந்துவிடும், மறுபடி சோதனை செய்து முத்திரை வாங்காமல் அதைச் சுடவே கூடாது. 65 தோட்டா கடையில் இல்லை. கூலி ஆயிரத்து ஐந்நூறு. முதல் நாள் வந்துபோன பெட்ரோலுக்கு என்று நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன், மாமா வாங்கிக்கொண்டார்.

மருந்தில்லாத போலித் தோட்டா போட்டு, விசையை இழுத்து, மடக்கிக் காட்டியபோது இரண்டு பக்கமும் துள்ளி வந்து என் மடியில் விழுந்தன. மாமா சிரிக்கவில்லை. கிணத்துக்கடவு வந்ததும் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். ஒரு பட்டாசுக் கடை. அந்த நூறு ரூபாயோடு இன்னும் இருநூறு சேர்த்து அணுகுண்டு வெடி வாங்கி, கான்வாஸ் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.