.243 வின்செஸ்டரும் 6 மி.மீ. ரெமிங்டனும்: இரண்டையும் வைத்துச் சுட்ட அனுபவம்

டெக்சஸில் மான் வேட்டைக்குப் போகத் தொடங்கியபோது, கூட வந்த நண்பர் பேச்சைக் கேட்டு .243 வின்செஸ்டர் ரைபிள் ஒன்று வாங்கினேன். அது 2009. ஐந்து வருடம் கழித்து, பழைய 6 மி.மீ. ரெமிங்டன் ஒன்று கைமாற்றில் மலிவாக வந்தது. இன்றுவரை இரண்டையும் விற்கவில்லை. எது உசத்தி என்று கேட்டால் 6 மி.மீ. என்பேன். வேட்டைக்குக் கிளம்பும்போது கை என்னவோ .243 பக்கம்தான் போகிறது.

இரண்டும் தோட்டாவின் பெயர்கள். வின்செஸ்டர், ரெமிங்டன் என்பவை அவற்றைக் கொண்டுவந்த அமெரிக்கக் கம்பெனிகள். இரண்டிலும் போகும் குண்டின் விட்டம் ஒன்றுதான், .243 அங்குலம். இரண்டும் வெளிவந்த வருடமும் ஒன்றுதான், 1955. குண்டையும் மருந்தையும் தாங்கும் பித்தளை உறைதான் வேறு. வின்செஸ்டர் தன் .308 உறையின் கழுத்தைச் சுருக்கிக்கொண்டது. ரெமிங்டன் எடுத்தது .257 ராபர்ட்ஸ் உறையை. அந்த உறைக்கு மூலம் 1892-இன் 7×57 மவுசர் என்ற ஜெர்மன் தோட்டா. (புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வைத்திருந்த .275 ரிக்பியும் இதே 7×57தான், பெயர்தான் ஆங்கிலேயருடையது.) ரெமிங்டன் தன் தோட்டாவுக்கு .244 என்று பெயர் வைத்தது. குண்டில் வித்தியாசம் கிடையாது, பெயரில்தான் ஓர் எண் கூடுதல்.

.244 சந்தையில் அடிபட்டது குழலுக்குள் இருந்த புரியால், அதாவது குண்டைச் சுழலவைக்கும் சுருள் வெட்டால். நரி, மர்மட் மாதிரி சின்ன விலங்குகளைச் சுடுகிறவர்கள்தான் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டு, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று புரி வைத்தார்கள். 75, 90 கிரெயின் குண்டுக்கு அது போதும் (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு). 100 கிரெயின் குண்டு அதில் நிலையாகச் சுழலுமா என்பது சந்தேகம். வின்செஸ்டரில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 100 கிரெயின் குண்டும் உண்டு. ஒரே ரைபிளில் நரியும் மானும் வேண்டும் என்றவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 1963-இல் அதே தோட்டாவுக்கு 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயர் மாற்றி, 9 அங்குலப் புரியோடு விற்றார்கள். என்னுடையது இந்த வகை. ஆனால் அதற்குள் சந்தை .243 கைக்குப் போயிருந்தது.

சரி, சுடும்போது என்ன வித்தியாசம்? 100 கிரெயின் குண்டுக்கு கம்பெனிக்காரர்கள் போடும் வேகம் .243-க்கு நொடிக்கு 2960 அடி, 6 மி.மீ.-க்கு 3100. என் வேகமானியில் அந்த இடைவெளி நூறு அடியைத் தொடுவதே அபூர்வம். நான் சுடுவது பெரும்பாலும் 200 கஜத்துக்குள். அந்தத் தூரத்தில் எந்தத் தோட்டா பட்டது என்று மானுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தோளில் விழும் உதையும் இரண்டிலும் லேசு.

நான் 6 மி.மீ.-ஐ விரும்புவது தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்பும்போது. அதன் கழுத்து ஏறத்தாழ 9 மி.மீ. நீளம், குண்டை இறுக்கிப் பிடிக்கும். .243-இன் கழுத்து நீளம் ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர்தான். கழுத்துக்குக் கீழே உறை அகலும் இடமான தோள்பட்டையின் சரிவும் 6 மி.மீ.-இல் 26 பாகை, .243-இல் 20. சரிவு குறைவு என்பதாலோ என்னவோ, .243 உறைகள் சுடச்சுட நீண்டுகொண்டே போகின்றன. நாலு தடவைக்குள் வெட்டிச் சரிசெய்ய உட்கார வேண்டியிருக்கிறது. 6 மி.மீ. உறைகள் அவ்வளவு படுத்துவதில்லை.

ஆனால் அந்த உறைகள் கிடைக்க வேண்டுமே! .243 பெட்டி சின்ன ஊர்க் கடையிலும் இருக்கும். 6 மி.மீ. ரெமிங்டன் கேட்டால் முழிப்பார்கள். ஒரு கடையில் 6 மி.மீ. கிரீட்மோர் பெட்டியை எடுத்து நீட்டினார்கள். அது முற்றிலும் வேறு தோட்டா, இந்த ரைபிளுக்கு ஆகாது. பெட்டியில் உள்ள முழுப் பெயரைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். 2020-இல் தட்டுப்பாடு வந்தபோது .243-க்கே அலைந்தேன். 6 மி.மீ. பெட்டியை அந்த வருடம் முழுக்கக் கண்ணால் பார்க்கவில்லை.

முதல் ரைபிள் வாங்குகிறவருக்கு .243 என்றுதான் சொல்வேன். தோட்டா நிரப்பும் பழக்கம் இருந்து, பழைய 6 மி.மீ. கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஆனால் குழலில் .244 என்று பொறித்திருந்தால், புரியை அளந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள். என்னிடம் நல்ல உறைகள் இன்னும் 71 இருக்கின்றன. சுட்டதும் புல்லில் விழுந்ததைத் தேடி எடுத்து எண்ணிப் பார்த்த பிறகுதான் மான் பக்கம் போகிறேன்.