எல்லா ஸ்டைலுக்கும் ஒரே ஆம்ப் என்றார், நம்பிப் போய் ஏமாந்தேன்

செகண்ட் ஹேண்ட் டியூப் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வைத்த கிடார் ஆம்ப்ளிஃபையர்) தேடி அலைகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். 62,000 ரூபாய் கட்டி நான் படித்த பாடம். ஆம்ப் எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, தப்பு அவர்களுடையது இல்லை. விற்றவர் பெயரும் வேண்டாம்.

நான் திருச்சி. வார இறுதியில் கல்யாண ரிசப்ஷன்களில் மெல்லிசைக் கச்சேரி, ஞாயிறு காலை சர்ச், நடுவில் நேரம் கிடைத்தால் நண்பர்களோடு மெட்டல். மூன்றுக்கும் மூன்று விதமான சத்தம் வேண்டும். கச்சேரியில் எண்பதுகளின் பாட்டு வந்தால் கோரஸ் எஃபெக்ட் போட்ட, கரகரப்பே இல்லாத பளிச்சென்ற க்ளீன். ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப் அதற்கென்றே பிறந்தது போல இருக்கும். சர்ச்சில் டிலே (எதிரொலி எஃபெக்ட்) போட்டு மிதக்க வேண்டும். மெட்டலில் உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடித்தால் நெஞ்சில் இடிக்க வேண்டும். மூன்று ஆம்ப் வாங்கப் பணமில்லை. பணம் இருந்தாலும் ஏற்றிக்கொண்டு போக ஆம்னி வேனில் இடமில்லை, டிரம்ஸ்காரர்தான் பாதி வேன்.

இந்த நிலைமையில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. 50 வாட், இரண்டு சேனல் (ஒன்று க்ளீனுக்கு, ஒன்று கரகரப்பான டிரைவுக்கு), இ.எல்.34 டியூப், அமெரிக்காவிலிருந்து வந்தது. சென்னைக்கு நண்பனையும் கூட்டிக்கொண்டு போனேன். "ஃபெண்டர் ஆம்போட க்ளீன், மார்ஷல் ஆம்போட கிரஞ்ச், மெட்டல், மூணும் இதுலயே இருக்கு தம்பி. கீபோர்டு, அகூஸ்டிக் எது வேணாலும் போடலாம்" என்றார் கடைக்காரர். கடைசி வாக்கியத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். எலெக்ட்ரிக் கிடார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கரில் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் சரசரவென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பை வழித்தெடுத்து இனிமையாக்குவதே அந்த இறக்கம்தான். அதில் கீபோர்டைப் போட்டால் கம்பளி போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கும்.

என் கிடாரை நான் கொண்டுபோகவில்லை. அவர் கிடாரில், அவர் கேபிளில், அவரே வாசித்துக் காட்டினார். அபாரமாக இருந்தது. க்ளீனிலிருந்து மெட்டலுக்கு ஒரு தட்டில் போனார். நண்பன் போனில் வீடியோ எடுத்தான். "பில் போட்டா ஜிஎஸ்டி வரும், என் வார்த்தைதான் வாரண்டி" என்று விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கொடுத்தார். ஜீபே பண்ணிவிட்டு வந்தேன்.

வீட்டில் வந்து போட்டால் அந்தச் சத்தம் இல்லை. க்ளீன் சுமார். டிரைவ் சேனலில் கெயினை முழுக்கத் திருகினாலும் பழைய ராக் அளவுக்குத்தான் ஏறியது. போன் பண்ணினேன். "டியூப் ஆம்ப் அப்படித்தான் தம்பி, வால்யூமைத் தூக்கி வெச்சு வாசிங்க." அதில் பாதி உண்மை இருப்பதுதான் கொடுமை. டியூப் ஆம்ப் சத்தமாகப் போனால்தான் உறுமும். ஆனால் ஒன்று: நல்ல க்ளீனுக்குப் பெயர்போன ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் 85 வாட், எவ்வளவு தூக்கினாலும் சத்தம் உடையாமல் (கரகரப்பாகாமல்) நிற்பதுதான் அதன் பெருமை. வாக்ஸ் ஏசி30 ஆம்ப் கொஞ்சம் தூக்கினாலே உடைய ஆரம்பிக்கும், அதுவே அதன் அழகு. உடையாததும் சீக்கிரம் உடைவதும் ஒரே பெட்டியில் முழுசாக எப்படி இருக்கும்? இது எனக்கும் தெரியும். ஆசை வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

சந்தேகத்தில் நண்பனின் வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கிடாரிலிருந்து வரும் கேபிள் நேராக ஆம்புக்குப் போகவில்லை. கவுன்டருக்குக் கீழே போய் வேறொரு கேபிளாக வெளியே வருகிறது. அவர் சேனல் ஸ்விட்சைத் தட்டும்போதெல்லாம் இடது காலும் கூடவே அழுந்துகிறது. கீழே எஃபெக்ட் பெடல், காலால் அழுத்தினால் கிடாரின் சத்தத்தை மாற்றுகிற பெட்டி. நாங்கள் மயங்கிய சத்தத்தில் பாதிக்கு மேல் அந்தப் பெடலுடையது. நண்பன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, நாமும் ஒரு பெடல் வாங்கிச் சமாளிக்கலாம் என்று விட்டுவிட்டேன். தஞ்சாவூரில் ஒரு ரிசப்ஷன், நான்காவது பாட்டு. உம்மென்று ஒரு ஹம், அடுத்து கருகல் வாசனை. பின்னால் எட்டிப் பார்த்தால் ஒரு டியூபின் உள்தகடு கொல்லன் உலையில் போட்ட இரும்பு மாதிரி செக்கச்செவேலென்று பழுத்திருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டுப் பெடலிலிருந்து நேராக மிக்ஸருக்குக் கொடுத்தேன். நடுவில் கிடார் ஸ்பீக்கர் இல்லாததால், டிஸ்டார்ஷன் போட்டால் ஈ மொய்க்கிற சத்தம். பாடகி திரும்பி ஒரு பார்வை பார்த்தார், இன்னும் மறக்கவில்லை.

திருச்சியில் எனக்குத் தெரிந்த பழைய ரேடியோ மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் திறந்தார். (நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.) இரண்டு பவர் டியூபும் வேறு வேறு கம்பெனி, ஒன்றில் எழுத்தே அழிந்து கிடந்தது. மாற்றிய பிறகு பயஸ் (டியூபில் சும்மா இருக்கும்போது ஓடும் மின்சாரத்தின் அளவு) சரிபார்க்கவே இல்லை என்றார். ஸ்பீக்கரைக் கழற்றி மீட்டர் வைத்தார்: 3.3 ஓம். ஆம்ப் கேட்பது 8 ஓம் ஸ்பீக்கர், மீட்டரில் எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், அதுவாக இருந்தால் 6 பக்கம் காட்டியிருக்கும். ஒரிஜினலை உருவிவிட்டு ஏதோ 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் ஃப்யூஸைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடிக் குழாயைச் சுற்றி வெள்ளித்தாள். சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்குமே, அது. போயிருக்க வேண்டிய ஃப்யூஸ் போகாததால் டியூப் பழுத்து, டிரான்ஸ்பார்மரும் சூடேறியிருக்கிறது. பின்பக்க லேபிளில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. கடைக்காரர் கூடவே கொடுத்த ஸ்டெப்-டவுன் பெட்டி நம் 230 வோல்ட்டைக் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60-க்கு மட்டும் செய்த டிரான்ஸ்பார்மர் 50-ல் கூடுதலாகச் சுடும். பிளக்கில் எர்த் பின்னையும் வெட்டியிருந்தார்கள். ஈர மண்டபத் தரையில் நின்றுகொண்டு, எர்த் இல்லாத கிடாரைத் தொட்டபடி மைக்கில் உதடு வைத்து கோரஸ் பாடியிருக்கிறேன்.

மறுபடி கடைக்குப் போனேன். "வாங்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு?" வீடியோவைக் காட்டியதும், பெடல் இருந்தது உங்களுக்கே தெரியும் என்று சாதித்தார். நுகர்வோர் உதவி எண் 1915-ஐப் போனில் அடித்து வைத்துவிட்டு, கையில் பில் இல்லையே என்று தயங்கியே ஒரு மாதத்தை ஓட்டினேன், அது என் முட்டாள்தனம்.

ரிப்பேருக்கு இன்னொரு 9,500. இப்போது அது வீட்டில் ப்ளூஸ் வாசிக்க மட்டும், அந்த ஒரு வேலையை நன்றாகவே செய்கிறது. கச்சேரிக்கு ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்பில் க்ளீன் வைத்து, மற்றதையெல்லாம் பெடலில் பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் அதே ஆள் இன்னொரு ஆம்ப் விளம்பரம் போட்டிருக்கிறார். அதே வாசகம், முன்பக்கப் படம் நான்கு, பின்பக்கப் படம் ஒன்றுகூட இல்லை. பார்க்கப் போகிறவர்கள் உங்கள் கிடாரையும் உங்கள் கேபிளையும் எடுத்துப் போங்கள். நேராக ஆம்பில் சொருகுங்கள். நீங்கள் மேடையில் வைக்கிற வால்யூமில் அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். அணைத்த பிறகு, பிளக்கை எடுத்துவிட்டு, ஃப்யூஸ் மூடியைத் திருகிப் பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் பஸ் ஏறிவிடுங்கள்.