கனவைச் சொல்லித் தந்தார்கள், வங்கிச் செக்கை விட்டுவிட்டார்கள்

ஈரோடு பெருந்துறை சாலையில், ஒரு மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் மேடைப்பேச்சு வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுபவள் நான். எங்கள் காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்டு அக்டோபர் 2 கிராம சபையில் பேச வேண்டியிருந்ததால் சேர்ந்தேன். மனு எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். கட்டணம் 1,500 ரூபாய்.

தொண்டை திறந்துவிட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். பயிற்றுநர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கே மூச்சு இழுப்பது, கூட்டம் சலசலத்தால் எவ்வளவு நேரம் பேசாமல் நிற்பது என்பதெல்லாம் அவரிடம் கற்க வேண்டியவை.

பாடமாக வைத்திருப்பது 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரை. பேசுபவர்மேல் நம்பிக்கை, காரணம், உணர்ச்சி என்று அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றையும் பலகையில் எழுதினார். முதலிரண்டும் பலகையோடு சரி. கையில் தந்த தாளே 'எனக்கொரு கனவு' என்ற இடத்தில்தான் தொடங்குகிறது. "அம்மிணி, இன்னும் உருக்கமாகச் சொல்லுங்கள்" என்பதைத்தான் அடிக்கடி கேட்டோம்.

முழு உரையையும் தேடிப் படித்தேன். கணக்குப்பிள்ளைக்கு எழுதிய உரை போலவே இருந்தது! லிங்கன் சிலையின் முன் நின்று, அவர் அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டு நூறாண்டு ஆகியும் கறுப்பின மக்களுக்கு விடுதலை இல்லை என்று கிங் நிலுவையை எடுத்து வைக்கிறார். சமத்துவம் தருவதாக நாட்டை நிறுவியவர்கள் எழுதிக் கொடுத்தது ஒரு வாக்குறுதிச் சீட்டு. கறுப்பின மக்களுக்கு வந்த செக் 'போதிய பணமில்லை' என்று திரும்பிவிட்டது என்கிறார். கேட்பது தருமம் அல்ல, பாக்கி. மண்டியில் செக் திரும்பி வந்த விவசாயியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அவர் சொன்னால் ஏன் கேட்டார்கள்? கூட்டத்தில் சிறையிலிருந்து நேராக வந்தவர்கள் இருந்தார்கள். அவரே அந்த ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையில் இருந்தவர். கனவுப் பகுதி எழுதி வைத்த உரையில் இல்லை, பாடகி மகாலியா ஜாக்சன் குரல் கொடுத்த பிறகே வந்தது என்ற கதையைப் பயிற்றுநர் அழகாகச் சொன்னார். கணக்கை முதலில் எடுத்து வைத்ததால்தான் அந்தக் கனவு வெறும் ஆசையாகப் போகவில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

உரையின் முடிவில் கிங் மலைப்பெயர்களை அடுக்கி, அங்கிருந்தெல்லாம் விடுதலை ஒலிக்கட்டும் என்கிறார். அதைப் பார்த்து எங்களுக்கு மலைப்பெயர்ப் பயிற்சி வேறு. சென்னிமலை, சிவன்மலை, ஊதியூர் என்று அடுக்கச் சொன்னார், கைதட்டலும் கிடைத்தது. கிங் சொன்ன ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையில்தான் 1915இல் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் மறுபடி உயிர் பெற்றது. அங்கிருந்தும் விடுதலை ஒலிக்கட்டும் என்றால் அது அலங்காரமா? ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு, கோயில் தெருவில் எல்லாரும் நடக்க இந்த ஊர்ப் பெரியார் போராடிய 1924 வைக்கத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாததும் எனக்குப் பொறுக்கவில்லை.

கிராம சபையில் வரைபட நகலையும் பழைய மனுக்களின் தேதிகளையும் முதலில் வாசித்தேன். மழையில் பாடை தூக்கிய கதையைக் கடைசியில்தான் சொன்னேன். தீர்மானம் பதிவாகியிருக்கிறது, பாதை இன்னும் வரவில்லை.

கூச்சம் போக வேண்டுமென்றால் தாராளமாகச் சேரலாம். படிக்கட்டு செங்குத்து, வயதானவர்களுக்குச் சிரமம். கேள்வி கேட்டால் பயிற்றுநர் கோபப்படுவதில்லை. அடுத்த முறை முழு உரையையும் அச்சடிப்பதாகச் சொன்னார். தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.