வடவள்ளியில் ஐந்து நட்சத்திரம், கரூரில் மூன்று: இடம் மாற்றி வாங்கிய கணக்கு

2023 ஏப்ரலில் ஒரே வாரத்தில் எங்கள் குடும்பத்தில் இரண்டு ஏசி வாங்கினோம். இரண்டும் ஒன்றரை டன், இன்வெர்ட்டர், ஒரே கம்பெனி. கோவை வடவள்ளியில் இருக்கும் நான் ஐந்து நட்சத்திரம் எடுத்தேன், 45,000 ரூபாய். கரூரில் இருக்கும் அக்கா, "எதுக்கு கண்ணு ஒம்பதாயிரம் தெண்டம்?" என்று மூன்று நட்சத்திரத்தை 36,000க்கு முடித்துக்கொண்டாள். விவரமாக வாங்கியது நான்தான் என்று அப்போது நினைப்பு. மூன்று கோடை கழித்து இரண்டு வீட்டு ஈபி பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டினால், இரண்டு பேருமே தப்பாக வாங்கியிருக்கிறோம். அதுவும் கச்சிதமாக இடம் மாற்றி.

ஏசியில் ஒட்டியிருக்கும் அட்டையில் எல்லோரும் நட்சத்திரத்தை எண்ணுகிறோம். அதே அட்டையில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும். 1,600 மணி நேரம் ஓடினால் ஆகும் கரண்ட் அது. என்னுடையதில் 780, அக்காவுடையதில் 980. வித்தியாசம் 200 யூனிட். 1,600 மணிக்கு 200 என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். நான் 9,000 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கியது ராத்திரிக்கு ஒரு யூனிட் மிச்சத்தை.

வடவள்ளியில் எத்தனை ராத்திரி ஏசி ஓடுகிறது? மார்ச் கடைசியில் ஒரு பத்து நாள், ஏப்ரல், மே. ஜூன் பிறந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்துவிட்டால் போர்வை தேட வேண்டியதுதான். ஆகமொத்தம் 70 ராத்திரி, 70 யூனிட். கோடைப் பில்லின் உச்சியில் இருக்கும் யூனிட் 9 ரூபாய் 45 காசு. வருடத்துக்குச் சுமார் 660 ரூபாய் மிச்சம். 9,000 ரூபாயைத் திருப்பி எடுக்க 13 வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை இந்தப் பெட்டி உயிரோடு இருந்தால் மாலை போட வேண்டும்.

கரூர் கதை வேறு. பிப்ரவரி கடைசியில் ஆன் செய்தால் ஐப்பசி மழை வரைக்கும் விட்டு விட்டு ஓடிக்கொண்டே இருக்கும். குறைத்துச் சொன்னாலும் 200 ராத்திரி, ஒன்பது ஒன்பது மணி நேரம்: 1,800 மணி. அங்கே அந்த 200 யூனிட் வித்தியாசம் 225 ஆகிறது, பணமாக 2,000 ரூபாய்க்கு மேல். ஐந்து நட்சத்திரம் வாங்கியிருந்தால் ஐந்தாவது வருடத்திற்குள் போட்டது வந்திருக்கும்.

இதில் இன்னொரு சங்கதி. நட்சத்திரம் நிலையானதில்லை. 2022 ஜூலையில் ஒருமுறை அளவுகோலை இறுக்கினார்கள், 2026 ஜனவரியில் மறுபடி. 2025இன் ஐந்து 2026இல் ஐந்தாக இருக்காது. கடைக்காரர் 'ஃபைவ் ஸ்டாருங்க' என்று சொன்னால், சரிங்க, அட்டையில் யூனிட் எத்தனை என்று கேளுங்கள். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதம் ஆனதால் விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

கரண்ட் கட்டணத்தைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் இந்தக் கணக்கு நிற்காது. நான் போட்டிருப்பதெல்லாம் 2024 ஜூலையில் ஏற்றிய வீட்டுக் கட்டணம். அந்தக் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4.70, 500 வரை 6.30. சரியாக 500 யூனிட் என்றால் பில் 1,805 ரூபாய். 501 ஆனால் அந்த 2.35 என்ற படியே காணாமல் போய், அந்த 100 யூனிட்டுக்கும் 4.70 போடுவார்கள். அதற்கு 235, ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்டுக்கு 8.40. ஆக அந்த ஒரே யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. 600ஐத் தாண்டினால் 800 வரை யூனிட் 9.45.

ஏசி இல்லாமல் எங்கள் வீட்டுக்கு ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் 380 யூனிட் ஆகும், இந்தக் கட்டணத்தில் 1,081 ரூபாய். ஏசி 234 யூனிட் குடித்தது, 614 ஆனது, பில் 3,012. ரீடிங் எடுக்கும் மாதமும் ஒரு அதிர்ஷ்டம்தான். பக்கத்து வீட்டில் மார்ச்சும் ஏப்ரலும் ஒரு பில், மேயும் ஜூனும் ஒரு பில். கோடை அவர்களுக்கு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. எனக்கு முழுக் கோடையும் ஒரே பில்லில் வந்து உட்காருகிறது.

இப்போது நான் செய்யாமல் விட்டதைச் சொல்கிறேன். அதே 9,000 ரூபாய்க்குக் கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் மூன்று வந்திருக்கும். பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட். வெயில் காலத்தில் ஒரு ஃபேன் சராசரியாக 14 மணி நேரம் சுற்றும் எங்கள் வீட்டில், மூன்று ஃபேனுக்கும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 113 யூனிட் குறைகிறது. 2024 தீபாவளிக்கு மாட்டினேன். அடுத்த கோடையில் ரீடிங் எடுக்க வந்தவர் ஈபி அட்டையில் எழுதியதைப் பார்த்தால் 503. மூன்று யூனிட்டுக்காக 260 ரூபாய் கூடுதல்! ஒரே ஒரு ராத்திரி ஏசியை நிறுத்தியிருந்தால் போதும். இருந்தாலும் 3,012 வந்த இடத்தில் 2,065 வந்தது. குளிர் மாதங்களில் ஃபேன் அவ்வளவு ஓடாது என்று கழித்துவிட்டுப் பார்த்தாலும் வருடத்துக்கு 2,500 ரூபாய் தேறும். நட்சத்திரம் தந்த 660 எங்கே, இது எங்கே.

அப்புறம் மொட்டை மாடி. ராத்திரி பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் கை வைத்துப் பாருங்கள். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் அப்போதுதான் சூட்டைக் கக்க ஆரம்பித்திருக்கும். வெளியில் காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே வேகுவது அதனால்தான். ஏசி வெளி வெயிலோடு போராடுகிறது என்று நினைக்கிறோம். ராத்திரியில் அது போராடுவது நம் தலைக்கு மேல் இருக்கும் காரையோடு. ஆயிரம் சதுர அடிக்குச் சுண்ணாம்பும் வெள்ளைச் சிமெண்ட்டும் கலந்து இரண்டு கை அடிக்க ஆள் கூலியோடு 4,500 ஆனது எனக்கு. இரண்டு மழைக்காலம் தாங்கும், பிறகு திரும்ப அடிக்க வேண்டும். கடையில் விற்கும் வெள்ளைப் பூச்சு அதைப் போல ஐந்தாறு மடங்கு விலை, ஆனால் வருடக் கணக்கில் நிற்கும். மாடி மேல் அடுத்த தளம் கட்டும் எண்ணம் இருப்பவர்கள் சுண்ணாம்போடு நிறுத்திக்கொள்ளலாம். கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம், மேல் வீட்டுக்காரர்தான் அவர்களுக்குக் கூரை.

சர்வீஸ் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. நான் எழுதினேன், எழுதியதால் வயிறு எரிந்தது. கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரண்டி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கம்ப்ரசர் லேசில் கெடுவதில்லை. கெடுவது உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு. 2024 மே மாதம் ஒரு கோடை மழை இடியில் என்னுடைய போர்டு போனது. ஸ்டெபிலைசர் இருந்தும் போனது. வந்த மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பல்லி செத்துக் கிடக்குதுங்க, இது வாரண்டில வராதுங்க" என்றார். பல்லி செத்ததால் போர்டு போனதா, போர்டு போனபோது பல்லி செத்ததா என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. 7,000 ரூபாய்.

அக்கா வீட்டுப் பிரச்சினை பஞ்சு. கரூர் முழுக்கத் தறியும் தையலும். தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் பெட்ஷீட்டுக்கு ஓரம் அடிக்கிறார்கள். ஏசியின் ஃபில்டரை எடுத்தால் கம்பளி மாதிரி உரிந்து வரும். ஞாயிற்றுக்கிழமை தோறும் மச்சான் அதைக் குழாயில் காட்டிக் கழுவுவார். ஒரு மாதம் விட்டுவிட்டால் காற்று வராது, பிள்ளைகள் 18இல் வைப்பார்கள், பில் ஏறும். 2020இலிருந்து வரும் ஏசிகள் தானாக 24இல்தான் ஆன் ஆகின்றன, ஆனால் ரிமோட் பிள்ளைகள் கையில்தானே இருக்கிறது. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீதம் கரண்ட் குறையும் என்பது அரசின் எரிசக்தித் துறையே சொல்லும் கணக்கு. அவுட்டோரையும் வருடத்துக்கு மூன்று தடவை தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டியிருக்கிறது. எனக்கு இரண்டு போதும்.

இதையெல்லாம் சேர்த்துப் பத்து வருடத்துக்கு நீட்டினேன். வடவள்ளி: பெட்டி 45,000, மாட்டும் செலவு 5,000, கரண்ட் 22,000, சர்வீஸ் 13,000, ஒரு போர்டும் ஒரு தடவை கேஸ் ஏற்றுவதும் 10,000. ஆக 95,000. கரூர்: பெட்டி 36,000, மாட்ட 5,000, சர்வீஸ் 20,000, போர்டும் கேஸும் அதே 10,000, கரண்ட் மட்டும் 99,000. ஆக 1,70,000. அக்காவுக்கு இந்தக் கடைசி எண்ணைச் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடையில் ஒன்பதாயிரத்துக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசியவள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் காங்கயத்துப் பக்கம் எங்கள் மாமா தோட்டத்து வீட்டில் கூலர் வைத்துக்கொண்டு ராஜாவாட்டம் தூங்குகிறார். சன்னலுக்கு வெளியே கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், கிளுவை வேலி, அந்தப் பக்கம் தடுக்க ஒன்றுமில்லை. சித்திரையில் அங்கே அடிக்கும் காற்றில் துணி காயப் பத்து நிமிடம் போதும். கூலருக்கு வேண்டியது அந்தக் காய்ந்த காற்றுதான். தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருந்தால் அவ்வளவாக ஆவியாகாது. மாமாவைப் பார்த்து நான் 2022இல் ஒரு கூலர் வாங்கி வடவள்ளிப் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினேன். தலையணை வரைக்கும் பிசுபிசுப்பு. மாமா சிரித்தார்: "சன்னலத் தொறந்து வெச்சாத்தான் மாப்ள அது கூலரு. மூடி வெச்சா இட்லிச் சட்டி."

அவர் செலவு: கூலர் 9,500. 180 வாட், பத்து மணி நேரம், 120 ராத்திரி, 216 யூனிட். மற்றபடி பெரிய செலவில்லாத வீடு என்பதால் எல்லாம் 4.70க்குள் அடங்கும், வருடம் 1,000 ரூபாய். எதிரி உப்புத் தண்ணி. போர் தண்ணீரை ஊற்றினால் பேடில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, இரண்டு கோடையில் அது சுண்ணாம்புக் கட்டி ஆகிவிடும். மாற்ற 1,800. நல்ல தண்ணீர் ஊற்றலாம், ஆனால் ராத்திரிக்கு இரண்டு தொட்டி நல்ல தண்ணீரைக் கூலருக்குக் கொடுக்க அத்தை விடமாட்டார். பம்பு இரண்டு மூன்று தடவை போகும். பத்து வருடத்துக்கு 30,000 ரூபாய். அதற்காக எல்லோரும் கூலர் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. நெருக்கமான தெரு, கொசு, சன்னல் திறக்க முடியாத வீடு என்றால் இது உதவாது.

வெந்நீரைப் பற்றியும் கேட்பார்கள். கொங்கு நாட்டில் சமவெளியில் அறையைச் சூடாக்க வேண்டிய நாளே கிடையாது, குளிக்கிற தண்ணீர்தான். மார்கழி, தையில் மட்டும் வெந்நீர் என்றால் 15 லிட்டர் கீசர் போதும், யோசிக்க வேண்டாம். ஒரு தொட்டியைக் காய வைக்க முக்கால் யூனிட்டுக்குக் கீழேதான் ஆகும். ஆனால் நான்கு பேர் வருடம் முழுக்க வெந்நீரில் குளிக்கும் வீட்டில் அது இரண்டு மாதத்துக்கு 150 யூனிட். அங்கே மாடியில் சோலார் ஹீட்டர் வைப்பது நியாயம், ஐந்தாறு வருடத்தில் போட்டது வரும். உப்புத் தண்ணி ஊராக இருந்தால் கண்ணாடிக் குழாய்க்குள் உப்பு படியும், அதைக் கழுவ வருடத்துக்கு ஒருமுறை ஆள் வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமா வீட்டில் செம்புப் பாய்லர், தேங்காய்த் தொட்டியும் மட்டையும் எரிகிறது. செலவு பூஜ்யம், அத்தையின் காலை நேரத்துக்கு விலை போடாத வரைக்கும்.

ஊட்டியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. காயில் ஹீட்டர் ஒரு யூனிட் வாங்கினால் ஒரு யூனிட் சூடுதான் தரும். வெப்பமும் தரும் இன்வெர்ட்டர் ஏசி அதே யூனிட்டுக்கு வெளியில் இருக்கும் சூட்டையும் உறிஞ்சிக் கொண்டுவந்து மூன்று மடங்கு தரும், உறைபனி ராத்திரியில் கொஞ்சம் குறையும். தினமும் நான்கு மணி நேரம் ஹீட்டர் போடுகிறவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோவையிலும் ஈரோட்டிலும் அந்த வசதிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் ஐந்து நட்சத்திரத்தைக் கழற்றிக் கரூருக்கும், அக்காவின் மூன்றை இங்கேயும் மாற்றினால் என்ன? அக்காவுக்கு வருடம் 2,100 மிச்சம், எனக்கு 660 நட்டம், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 1,440 லாபம். ஆனால் இரண்டு ஏசியையும் கழற்றி, வண்டி வைத்து, மாட்டி, கேஸ் ஏற்ற மெக்கானிக் 11,000 கேட்டார். ஏழெட்டு வருடம் ஆகும் அது திரும்பி வர. அக்காவிடம் சொன்னேன். "பெட்டி அங்கங்கயே கெடக்கட்டும் கண்ணு," என்றாள். "அந்த ஃபேன் விக்கறவரு நம்பர மட்டும் அனுப்பு. அஞ்சு வேணும், சேத்து வாங்குனா கொறப்பாரான்னு கேட்டுச் சொல்லு."