ஹேமக்குக்கு கீழ எதை விரிக்கிறது: டைவெக்கா, பாலிகிரையோவா, சில்நைலானா, ஃபோமா?

ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டுற ஹேமக்ங்குற துணித் தொட்டில்ல, அந்தரத்துல தொங்கித்தானே தூங்கப் போறோம், தரைக்கு எதுக்கு ஷீட்டுன்னு கேக்குறவங்க, மழை விட்ட ராத்திரில ஹேமக் பக்கத்துல ஒத்தக்கால்ல நின்னு ஈர சாக்ஸ கழட்டி காஞ்சத மாட்டிப் பாருங்க, அந்தக் கேள்வி அப்பவே போயிடும். ஷூ கழட்ட ஒரு இடம், பேக் வைக்க ஒரு இடம், அண்டர்குயில்ட் (குளிருக்கு ஹேமக்கோட அடிப்பக்கம் மாட்டுற மெத்தைப் போர்வை) மாட்டும்போது அது சேத்துல உரசாம இருக்கணும், காலைல உக்காந்து டீ போடணும். வாசல்ல போடுற மிதியடி செய்யுற வேலைதான். அதனால டென்ட் சைஸ்ல வாங்கி சுமக்காதீங்க, ஒருத்தருக்கு 75 செ.மீ.க்கு 100 செ.மீ. துண்டு தாராளம்.

இதுல கடுப்பு என்னன்னா, ஷீட் பத்தி வர்ற ரிவ்யூல முக்காவாசி டென்ட்ல படுக்குறவங்க எழுதுனது. ராத்திரி புரண்டா சலசலங்குதுன்னு மார்க்க குறைப்பாங்க, நாம அது மேல புரளவே போறதில்ல. அதே சமயம் ஷீட் பறக்குறதப் பத்தி அவங்க பேசவே மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு மேல ஆள் படுத்திருக்கு, நகராது. நமக்கு ஆள் மேல தொங்குறாரு, ஷீட் கீழ அனாதையா கெடக்கு, லேசா காத்து அடிச்சாலும் கெளம்பிடும். ஸோ நாம பாக்க வேண்டியது வேற: குதிகால் அழுத்தி ஓட்டை விழக்கூடாது, வழுக்கக்கூடாது, பறக்கக்கூடாது.

இந்தக் கணக்குல என் ஓட்டு டைவெக்குக்குதான். டுபாண்ட் கம்பெனி சரக்கு, பாலிஎத்திலீன் இழைய அழுத்தி செய்யுறது, வெளிநாட்டுல வீடு கட்டும்போது சுவருக்கு வெளிய சுத்துற அதே ஷீட். சதுர மீட்டர் சுமார் 60 கிராம்தான், நான் சொன்ன துண்டு 45 கிராம்ல முடிஞ்சிடும். கத்திரிக்கோலால எப்படி வெட்டினாலும் ஓரம் பிரியாது, அதனால மடிச்சு தைக்குற வேலையே இல்ல. ஆனா இதுல ரெண்டு ரகம் இருக்கு, பேப்பர் மாதிரி விறைப்பா இருக்குற வீட்டு ரகம், துணி மாதிரி மெத்துன்னு இருக்குற ரகம். கைல தொட்டதும் எல்லாருக்கும் மெத்துன்னு இருக்குறதுதான் புடிக்கும், ஆனா தண்ணிய தடுக்குறதுல அது ஒரு படி கம்மி, ஈரத்தரைல முழங்கால் ஊனி அண்டர்குயில்ட் கொக்கிய மாட்டுறப்ப அந்த எடத்துல ஈரம் ஏற சான்ஸ் இருக்கு. விறைப்பு ரகத்தையே வாங்கி வாஷிங் மெஷின்ல சோப்பு போடாம பச்சத்தண்ணில ஒரு ரவுண்டு விட்டா நல்லா கசங்கி சொன்னபடி மடியும். சூடு மட்டும் ஆகவே ஆகாது, சுமார் 135 டிகிரி செல்சியஸ்லயே உருகுற பொருள், அடுப்ப அது மேல வெச்சு பத்த வெக்காதீங்க.

பாலிகிரையோ எடையில யாரும் கிட்ட வர முடியாது, குளிர் நாடுகள்ல ஜன்னல்ல ஒட்டுற கண்ணாடி மாதிரி ஃபிலிம்தான், சதுர மீட்டர் 20 கிராம் பக்கம் வரும். பாக்க லொடலொடன்னு இருந்தாலும் குத்து வாங்குறதுல மோசமில்ல, ஆனா ஓரத்துல ஒரு கீறல் விழுந்துட்டா அப்படியே ஓடிடும், கைல கொஞ்சம் டேப் வெச்சுக்கணும். டென்ட்டுக்கு அடில போட்டா சூப்பர். ஹேமக்குக்கு கீழன்னா எனக்கு இது சரிப்படல. விரிக்கும்போதே ஸ்டாட்டிக்ல கைலயும் அது மேலயே அதுவும் ஒட்டிக்கும், நாலு மூலைலயும் எதையாவது வெச்சாதான் நிக்கும், டிரான்ஸ்பரன்ட்டா இருக்குறதால ஹெட்லாம்ப் வெளிச்சத்துல அதோட ஓரம் எங்க முடியுதுன்னே தெரியாது.

சில்நைலான், அதாவது சிலிகோன் பூசின நைலான் துணி, அதப் பத்தி ஒரே வார்த்தை, வழுக்கும். சரிவான எடத்துல ஈர எலை மேல விரிச்சு அது மேல சாக்ஸ் காலோட நின்னீங்கன்னா ஷீட்டும் நீங்களும் சேந்து கீழ போவீங்க. உள்ளங்கைல அடங்குற மாதிரி சுருங்குங்குறது உண்மைதான், ஆனா பேக்ல அந்த எடத்த மிச்சம் புடிக்க இவ்ளோ செலவு பண்ணணுமா? நீல தார்பாலின் உழைக்கும், வெயிட்டு ஜாஸ்தி, வண்டில போய் எறங்குற கேம்ப்புக்கு ஓகே. மெல்லிசு எமர்ஜென்சி பிளாங்கெட்ட நெனச்சே பாக்காதீங்க, ரெண்டு மிதிக்கு தாங்காது. குப்பைப் பைய பிரிச்சு போடுறது ஒண்ணும் தப்பில்ல, ஒரு நாளைக்கு ஓடும்.

ஷீட்டே இல்லாத ஒரு வழியும் இருக்கு. ஒரு செ.மீ. கனமான குளோஸ்டு செல் ஃபோம்ல 40க்கு 40 துண்டு. தண்ணிய உறிஞ்சாது, காலைக் குளிர்ல பாதத்துக்கு கதகதப்பா இருக்கும், உக்காரவும் ஆகும், வெயிட்டு 50 கிராம் பக்கம். பேக் வைக்க எடம் பத்தாது, அவ்ளோதான் குறை. பேக்க மரத்துலயே தொங்க விடுறவங்களுக்கு இதுவே போதும், குளிர் சீசன்ல டைவெக்க விட இத முன்னாடி வைப்பேன்.

இந்தக் கணக்கு மொத்தமும் மாறுற ஒரே எடம், மரமே கெடைக்காத ரூட்டு. தரைல படுத்துதான் ஆகணும்னா 75 செ.மீ.க்கு 210 செ.மீ.யாவது வேணும், அப்ப பாலிகிரையோ நியாயமான சாய்ஸ் ஆயிடும், மேல ஆள் படுத்தா அதோட பறக்குற பிரச்சனையும் போயிடும். ஆனா அண்டர்குயில்ட் மட்டும் எடுத்துட்டுப் போறவங்க ஞாபகம் வெச்சுக்கங்க, தரைல நம்ம எடைக்கு அது நசுங்கிடும், உள்ள காத்து நிக்காம சூடு குடுக்காது, கீழ எந்த ஷீட் போட்டாலும் குளிரும். அந்த ரூட்டுக்கு ஃபோம் பேடும் கூட போகணும்.

எத வாங்கினாலும் மழைக்கு மேல கட்டுற டார்ப் ஷீட்டோட ஓரத்துலேந்து தண்ணி சொட்டுற கோட்டுக்கு நல்லா உள்ள தள்ளி விரிங்க, ஒரு மூலை வெளிய நீட்டிட்டு இருந்தாலும் அது வழியா தண்ணி உள்ள வந்து ஷீட் மேலயே குட்டை கட்டும். டைவெக்குக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், அதனால ஒரு பக்கம் மார்க்கர்ல பெருசா 'கீழ'ன்னு எழுதி எப்பவும் அதையே மண்ணு பக்கம் போடுங்க, மடிக்கும்போது அந்தப் பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சு பேக்கோட வெளிப் பாக்கெட்ல சொருகிடுங்க.