கூரைக்குச் சூரியத் தகடா, வாசலுக்கு மின்சாரக் காரா?

சேமிப்பில் இருந்த பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதுமானதாக இருந்தது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் உள்ள எங்கள் வரிசை வீட்டின் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தலாம். அல்லது, பதினோரு ஆண்டு ஓடிய பெட்ரோல் காரைத் தள்ளிவிட்டு, அதே பணத்தை முன்பணமாகக் கட்டி மின்சாரக் கார் வாங்கலாம். 2024 தொடக்கத்தில் நான் தகடுகளைத் தேர்ந்தெடுத்தேன். என் தம்பி அதே ஆண்டில் மின்சாரக் கார் வாங்கினான். ஆகவே இந்த ஒப்பீட்டின் ஒரு பக்கம் என் மின்கட்டண ரசீதிலிருந்தும், மறுபக்கம் தம்பியின் வாய்மொழியிலிருந்தும் வருகிறது. தராசு என் பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பதை மறைப்பதற்கில்லை.

கச்சா எண்ணெய் தீர்ந்துவருகிறது என்ற கவலைதான் ஒருவரை இந்த முடிவுக்குக் கொண்டுவருகிறது என்றால், அவருக்கு என் தேர்வு பொருந்தாது. 1910இல் சரவாக்கின் மிரியில் முதல் எண்ணெய்க் கிணறு கண்ட நாடு இது. இருப்பு விரைவில் வற்றிவிடக் கூடாது என்று 1980இல் எண்ணெய் எடுப்புக்கு வரம்பு கட்டும் கொள்கையும், மறு ஆண்டில் மின்னுற்பத்தியை எரிவாயு, நீர், நிலக்கரி ஆகியவற்றுக்கும் பரப்பும் நான்கு எரிபொருள் கொள்கையும் வந்தன. அதன் விளைவாகத் தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் எண்ணெயின் பங்கு இன்று மிகச் சிறியது. பேராவின் மஞ்சோங் மின்நிலையத்தில் எரிவது நிலக்கரி. 2016இல் இயங்கத் தொடங்கிய எங்கள் பிறை மின்நிலையத்தில் எரிவது எரிவாயு. என் கூரை மிச்சப்படுத்துவது இவற்றைத்தான். கச்சா எண்ணெயில் ஒரு சொட்டைக்கூட அல்ல. எண்ணெயைக் குடிப்பது கார்தான், அதுவும் குடித்ததில் கால் பங்கையோ சற்றுக் கூடுதலையோ மட்டும் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு மீதியை வெப்பமாக வீணடிக்கிறது. அந்த வகையில் தம்பியின் தேர்வே நேரானது.

ஆனால் வீட்டுக் கணக்கு வேறு விதமாக வந்தது. நாங்கள் முடிவெடுத்தபோது ரோன் 95 வகைப் பெட்ரோல் லிட்டருக்கு 2.05 ரிங்கிட். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் எங்கள் காருக்கு ஏறத்தாழ 70 லிட்டர் ஆகும். அதே தூரத்தை மின்சாரத்தில் ஓட்டினால், வீட்டிலேயே மின்னேற்றினாலும், 60 அல்லது 70 ரிங்கிட்தான் மிஞ்சும். வெளியே விரைவு மின்னேற்றத்தை நம்பினால் அதுவும் கரையும். 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கான மானிய விலை 1.99 ரிங்கிட்டுக்கு இறங்கியபோது அந்த இடைவெளி இன்னும் சுருங்கியது. தகடுகளோ, மாதம் 300 ரிங்கிட்டை நெருங்கிய கட்டணத்தை 50க்குக் கீழே கொண்டுவந்தன. பழைய கட்டண முறையில் 300 யூனிட்டைத் தாண்டியவற்றுக்கு 51.6 சென்னுக்குக் குறையாமல் வாங்கினார்கள். தகடுகள் முதலில் குறைப்பது அந்த மேல்தட்டு யூனிட்டுகளைத்தான்.

இவற்றையெல்லாம் விட என் முடிவைத் தீர்மானித்தது, பத்தாண்டு கழித்து அந்தப் பொருளுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்ற கேள்விதான். காரை வாங்கும் நாளிலேயே அதை விற்கும் நாளையும் நாம் நினைத்துவிடுகிறோம். பழைய பெட்ரோல் காரை எந்தப் பட்டறைக்காரரும் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டு மதிப்பிட்டுவிடுவார். பழைய மின்கலத்துக்கு அப்படி ஓசை கிடையாது. பெரும்பாலான நிறுவனங்கள் மின்கலத்துக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அது முடியும் தறுவாயில் வாங்க வருபவர் அந்த அச்சத்தை விலையில் கழித்துத்தான் கேட்பார். போதாக்குறைக்கு, புதிய கார்களின் விலை இறங்க இறங்கப் பழையவற்றின் விலையும் சேர்ந்தே சரியும். 2024 டிசம்பரில் உள்நாட்டுக் கார் நிறுவனமான புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரைக் கொண்டுவந்ததும், அதே வாரம் தம்பி தன் காரின் சந்தை விலையைத் தேடிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். தகட்டை யாரும் விற்பதில்லை. ஆண்டுக்கு அரை சதவீத அளவில் திறன் குறைந்தபடி இருபத்தைந்து ஆண்டு அது கூரையிலேயே கிடக்கும். பத்து ஆண்டு வாக்கில், தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரை மாற்ற நேரலாம், அவ்வளவே.

பராமரிப்பு அறவே இல்லை என்று விற்பனையாளர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் தகடுகளுக்கு அடியில் புறாக்கள் கூடு கட்டின. கம்பிவலை அடிக்க வேண்டியதாயிற்று. பொருத்தியவர்கள் இரண்டு ஓடுகளை உடைத்துவிட்டுச் சொல்லாமல் போனதால், முதல் பெருமழையில் மாடி அறை ஒழுகியது. ஓட்டுக்கூரை உள்ளவர்கள், வேலை முடிந்ததும் மேலே ஏறிப் பார்க்க ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

என் கணக்கை அப்படியே புதியவர்களுக்குப் பொருத்திவிடவும் முடியாது. வீட்டில் மிஞ்சி வெளியே மின்கம்பிக்கு அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஈடாக, கட்டணத்தில் ஒரு யூனிட்டைக் கழித்த பழைய திட்டம் 2025 ஜூன் 30இல் மூடப்பட்டது. 2026 ஜனவரியில் தொடங்கிய புதிய திட்டத்தில் அப்படி அனுப்பியதற்கான வரவில் மீந்தது அடுத்த மாதத்துக்குச் செல்லாது. பகலில் வீடு பூட்டிக் கிடக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய வேறுபாடு. பகலில் வீட்டில் நிற்கும் மின்சாரக் கார் ஒன்று இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகும். தம்பியின் காரோ பகலெல்லாம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வளாகத்தில் வெயில் காய்கிறது.

இரண்டு ஆண்டு அனுபவத்தை வைத்து இருபத்தைந்து ஆண்டுக்குச் சாட்சி சொல்ல நான் தயாரில்லை. தம்பியின் காருக்கும் உத்தரவாதம் முடிய இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. ஆனால் தகடுகளைப் பொருத்தியபோதே, மின்பலகையிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை ஒரு வெற்றுக் குழாயையும் பதித்து வைக்கச் சொன்னேன். கம்பி இன்னும் இழுக்கவில்லை.