ஆடித் தள்ளுபடியில் வந்த சிலிண்டர்

பழைய பெட்ரோல் காருக்கு சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) கிட் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். 58,000 ரூபாய் கொடுத்து நான் தெரிந்துகொண்ட விஷயம் இது. வழக்கு நடப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

என்னுடையது 2013 மாடல் வேகன்ஆர். கோவையிலிருந்து திருப்பூர் போய் வர தினமும் நூறு கிலோமீட்டர். மாதம் 15,000 ரூபாய் பெட்ரோலுக்கே போய்க்கொண்டிருந்தது. கேஸில் ஓட்டினால் பத்தாயிரத்தில் முடியும், போட்ட காசு ஒரு வருடத்தில் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் தப்பில்லை. கடையில்தான் தப்பு.

பைபாஸ் ஓரத்தில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். 'சீக்வென்ஷியல் கிட், புது சிலிண்டர், ஆடி ஆஃபர் 52,000.' ஆர்சி புத்தகத்தில் சிஎன்ஜி சேர்க்கும் ஆர்டிஓ வேலைக்கு மட்டும் தனியாக 6,000. "நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம் சார், எல்லாம் நாங்களே பாத்துக்கறோம்" என்றார் ஓனர். அதே கடையில் ஒரு மூலையில் 'தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்' எடுக்கும் கண்ணாடிப் புட்டியும் விற்பனைக்கு இருந்தது. அதைப் பார்த்ததுமே திரும்பியிருக்க வேண்டும். தண்ணீரைப் பிரிக்கத் தேவையான கரண்டை எஞ்சின்தான் ஆல்டர்னேட்டரைச் சுற்றித் தர வேண்டும். அந்த ஹைட்ரஜனை எரித்துக் கிடைப்பது அதைவிடக் குறைவு. 1996-ல் மூலிகை பெட்ரோல் பரபரப்பை வாயைப் பிளந்து பார்த்த தலைமுறை நான். இருந்தும் அன்றைக்கு உறைக்கவில்லை.

இரண்டு நாளில் வண்டி கைக்கு வந்தது. காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகும், கொஞ்சம் சூடானதும் தானாகக் கேஸுக்கு மாறும். முதல் மாதம் ஐயாயிரம் மிச்சமானது. வீட்டில் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

நான்காவது மாதம், வழக்கமாக நிரப்பும் பங்க்கில் கம்ப்ரஸர் ரிப்பேர். (அந்த பங்க்கைக் காட்டிவிட்டதே கடைக்காரர்தான். ஏன் என்று அப்புறம் புரிந்தது.) அவிநாசி பக்கம் வேறு பங்க்குக்குப் போனேன். அங்கே இருந்த பையன் எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டு, டிக்கியைத் திறந்து, சிலிண்டரோடு சேர்த்து மாட்டியிருந்த தகட்டில் செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தான்.

"அண்ணா, உங்க நம்பருக்குக் கீழ வேற நம்பர் தெரியுதுங்க."

குனிந்து பார்த்தேன். அரம் போட்டுத் தேய்த்த தடம். அதன் மேல் என் வண்டி எண் குத்தப்பட்டிருந்தது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டும் அடியில் 'எம்.ஹெச்.' என்று இரண்டு எழுத்து நிழல் மாதிரி தெரிந்தது. மகாராஷ்டிராவில் ஓடிய ஏதோ வண்டியின் தகடு. "இதுக்கு கேஸ் போட மாட்டேனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று மூடிவிட்டான். அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அந்தத் தம்பி நன்றாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் தேங்காய் நாரைத் தின்னரில் நனைத்து சிலிண்டரின் கழுத்தைத் தேய்த்தேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அங்கேதான் ஜாதகம் இருக்கும்: வரிசை எண், எடை, கொள்ளளவு, டெஸ்ட் செய்த தேதி. புது பெயிண்ட் உரிந்ததும் வரிசை எண் தெரிந்தது. எனக்குக் கொடுத்த சர்டிபிகேட்டில் இருந்த எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடைசி டெஸ்ட் தேதி 2017. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம். அதாவது, தண்ணீர் நிரப்பி, ஓடும்போது இருப்பதைவிட அதிக அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். நிரப்பிய சிஎன்ஜி சிலிண்டரில் இருக்கும் அழுத்தம் 200 பார். நம் சமையலறை சிலிண்டரில் சாதாரணமாகப் பத்து பார்கூட இருக்காது. அதற்கே நாம் எவ்வளவு பயப்படுகிறோம்! இந்த சிலிண்டருக்கு ஒரு சாண் முன்னால், பின் சீட்டில்தான் என் இரண்டு பெண்களும் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போவார்கள்.

அன்று இரவே, ஆர்சி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். எரிபொருள்: பெட்ரோல். அவ்வளவுதான். 6,000 ரூபாய்க்கு என் கையில் இருந்தது ஒரு ஜெராக்ஸ். சட்டப்படி கிட் போடுவது தப்பே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் விதிப்படி இல்லாத மாற்றம் என்றால் 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. அதுவும் கடைக்காரருக்கு இல்லை, வண்டி ஓனருக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கேட்டேன். கிட்டின் மதிப்பில் நான்கு சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியில் சேர்த்திருக்க வேண்டுமாம். அதற்கும் ஆர்சியில் சிஎன்ஜி என்று இருக்க வேண்டும். இந்த நான்கு மாதத்தில் எங்காவது இடித்திருந்தால் க்ளெய்முக்கு அவர்களோடு மல்லுக்கட்டியிருப்பேன்.

எஞ்சின் கதை தனி. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பினார், ஸ்டார்ட் செய்யவில்லை. "பாரு தம்பி, இப்ப எல்லா லைட்டும் எரியணும். செக் எஞ்சின் எங்க?" மீட்டர் போர்டைக் கழற்றினால், அந்த விளக்கின் பின்னால் அழகாக ஒரு துண்டு கறுப்பு டேப். ட்யூனிங் சரியாகச் செய்யாததால் எரிவாயு குறைவாகவும் காற்று அதிகமாகவும் போய், எஞ்சின் முதல் வாரத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்திருக்கிறது. அதன் வாயைக் கட்டிவிட்டார்கள். கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்தபோது எஞ்சினின் மூன்றாவது சிலிண்டர் படுத்திருந்தது. எக்ஸாஸ்ட் வால்வ் ஓரம் கருகியிருந்தது. ஹெட் வேலைக்கு 18,000.

வண்டியின் பெட்ரோல் பம்ப்பும் போயிருந்தது. அதில் மட்டும் பாதிப் பழி எனக்கு. கேஸ் இருக்கிறதே என்று டாங்க்கில் இரண்டு லிட்டருக்கு மேல் பெட்ரோல் வைக்கவில்லை. டாங்க்குக்குள் இருக்கும் அந்த மோட்டாருக்குப் பெட்ரோல்தான் குளிர்ச்சி. என் கிட்டில் கேஸில் ஓடும்போதும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இப்போது பங்க்கில் வருவதோ 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் அரைகுறையாக நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். பழைய வண்டியின் ரப்பர் பாகங்களும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. கிட் எந்தக் கடையில் போட்டிருந்தாலும் சரி, கால் டாங்க்காவது வைத்திருங்கள், வாரம் ஒருநாள் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள். இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார்.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான். கிட்டுக்கு ஏஆர்ஏஐ, ஐகேட் மாதிரி பரிசோதனை நிறுவனம் கொடுத்த ஒப்புதல் சான்றை வாங்கி, உங்கள் எஞ்சின் சிசி அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் கிட் போட 2022 ஆகஸ்டில்தான் அனுமதி வந்தது, அந்த வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சிலிண்டரை வண்டியில் ஏற்றும் முன் கழுத்து எண்ணை நீங்களே போட்டோ எடுத்து சர்டிபிகேட்டோடு ஒத்துப் பாருங்கள். மாட்டிய பிறகு அந்தப் பக்கம் கையே நுழையாது. மீதிப் பணத்தில் ஒரு பகுதியை, ஆப்பில் 'பெட்ரோல்/சிஎன்ஜி' என்று வந்த பிறகுதான் கொடுங்கள். மறுத்தால் கிளம்பி வந்துவிடலாம்.

கடைக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் "பசங்க மாத்தி மாட்டிட்டாங்க சார்" என்றார், கடைசியில் 15,000 தருகிறேன், விஷயத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்றார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

சிலிண்டரை அங்கீகாரம் பெற்ற டெஸ்டிங் சென்டருக்குக் கொண்டுபோனேன். கழுத்தில் குத்தியிருந்த எடை 61.8 கிலோ. தராசில் 57.9. ஐந்து சதவீதத்துக்கு மேல் எடை குறைந்திருந்தாலே தள்ளுபடியாம், அழுத்தம் கொடுத்துப் பார்க்கவேகூட வேண்டியதில்லை என்றார்கள். உள்ளே அவ்வளவு துரு. ரிப்போர்ட்டில் சீல் வைத்து வாங்கிக்கொண்டு, சிலிண்டரை அறுப்பதற்கு முன் கழுத்து எண்ணை நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன். அடுத்த விசாரணை பதினெட்டாம் தேதி.